கூடப் போகிறவள்

யாராவது ஓர் ஆபீசுக்குத் தனியாகப் போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், அக்காவுக்கு இருப்புக்கொள்ளாது. "ஒத்தைக்கா போற?" என்று கேட்பாள். ஆமாம் என்றால் மறுபேச்சு கிடையாது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பில் காலை நுழைத்துவிடுவாள். போகிற இடம் வங்கியா, போலீஸ் ஸ்டேஷனா, ஆஸ்பத்திரியா, பிள்ளைகளின் பள்ளிக்கூடமா என்பதையெல்லாம் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் விசாரிப்பாள்.

போன இடத்தில் வாயைத் திறக்கமாட்டாள். அதுதான் அவளிடம் எனக்குப் பிடித்தது. எங்கள் ஊர்ப்பக்கம் துணைக்கு வருகிறேன் என்று கிளம்புகிறவர்களில் பாதிப்பேர், நம்முடைய காரியத்தை நம்மைவிடப் பிரமாதமாகப் பேசி, அதைக் கெடுத்து, திரும்பி வரும்போது நம் செலவில் சாயாவும் ரசவடையும் தின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அக்கா அந்த ரகம் இல்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்துக்கொள்வாள். மேசைக்கு அந்தப்பக்கம் இருக்கிறவரின் முகத்தைப் பார்ப்பாள். முறைப்பு கிடையாது, கெஞ்சல் கிடையாது, வெறும் பார்வை. எரிந்து விழுந்தே பழகிய மனிதர்கள்கூட அதைக் கண்டதும் கொஞ்சம் நிதானித்து, "சொல்லுங்கம்மா" என்று ஆரம்பிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

எதற்காக இப்படிக் கூடவே போகிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் ஒண்ணும் பறைய மாட்டேன், பிள்ளே. சும்மா இருப்பேன். நாளைக்கு அவன் அப்பிடிச் சொல்லவே இல்லண்ணு சாதிச்சான்னா, சொன்னாருண்ணு சொல்ல ஒரு ஆளு வேணும்லா?"

அவளுடைய தத்துவம் முழுக்க அவ்வளவுதான். கல்யாணம் அழைக்க ஒற்றையாளாய் யாராவது வீடு ஏறுவார்களா என்று கேட்பாள். பெண் பார்க்க ஒற்றையாய்ப் போவார்களா? சந்தோஷமான காரியத்துக்கே ஆள் சேர்த்துக்கொண்டு போகிற ஜனம், கஷ்டம் வந்தால் மட்டும் ஏன் தனியாக நடக்க வேண்டும் என்பது அவளுக்கு விளங்காத விஷயம். யோசித்துப் பார்த்தால் எனக்கும் விளங்கவில்லை.

நாங்கள் வேலை பார்த்தது ஆரல்வாய்மொழிப் பக்கம், காற்றாலைகளுக்கு நடுவில் இருக்கிற ஒரு சிப் கம்பெனியில். அக்கா கருங்கல்காரி, நான் கொட்டாரம்; நாகர்கோவில் வரை இருவருக்கும் ஒரே கம்பெனி பஸ். எனக்கு அங்கே வேலை கிடைத்தபோது எங்கள் தெருவில் பாதிப்பேர் நான் ஏத்தங்காய் சிப்ஸ் வறுக்கப் போகிறேன் என்றே நினைத்தார்கள். காருக்கும் செல்போனுக்கும் உள்ளே இருக்கிற சில்லுகள் வெளிநாட்டிலிருந்து எங்களிடம் வரும். தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியால் அவற்றை இணைத்து, மூடி, சோதித்து அனுப்புவது எங்கள் வேலை. ஒரு தூசி விழுந்தாலும் சரக்கு பாழ். அப்படிப்பட்ட தொழிலை, வாயைத் திறந்தால் மண் நுழைகிற காற்றுக் கணவாயில் கொண்டுவந்து வைத்த மகானுபாவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, உள்ளே ஒரு பொட்டுத் தூசி இருக்காது. தலை முதல் கால் வரை வெள்ளை உடை, முகமூடி, கையுறை. கண் மட்டும்தான் வெளியே தெரியும்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே நான் ஒரு தட்டு நிறையச் சரக்கைத் தரையில் கவிழ்த்தேன். சூப்பர்வைசர் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். நான் நடந்தபோது இன்னொரு வெள்ளை உடையும் என் பக்கத்தில் நடந்துவந்தது. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. என்மேல் சாட்சி சொல்ல வருகிற ஆள் என்று நினைத்தேன். அது உள்ளே வந்து என் தோளை ஒட்டி நின்றது. திட்டு முடிகிறவரை நின்றது. வாங்கிய திட்டு, நான் பயந்ததில் கால்வாசிகூட இல்லை. உடை மாற்றுகிற இடத்தில் முகமூடியைக் கழற்றியபோதுதான் ஆளைப் பார்த்தேன். குள்ளமாக, அகன்ற நெற்றியோடு, நாற்பதைத் தாண்டிய ஒரு அக்கா. என் பெயரைக்கூடக் கேட்காமல், "ஏட்டி, நீ காலைல வல்லதும் தின்னியா?" என்று சாப்பாட்டை விசாரித்தாள். அன்றிலிருந்து எனக்கு அவள் அக்கா. எனக்கு மட்டும் என்ன, வாசலில் நிற்கிற செக்யூரிட்டி முதல் மேனேஜர் வரை எல்லாருக்கும் அக்காதான்.

தொல்லையும் உண்டு. எனக்கு நிச்சயம் ஆகியிருந்த சமயம், மாப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை வட்டக்கோட்டைக்கு வரச் சொல்லியிருந்தார். கம்பெனி பஸ்ஸில் நான் வாய் தவறி இதைச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கொட்டாரம் பஸ் ஸ்டாப்பில் பையோடு அக்கா நிற்கிறாள். கோட்டைச் சுவரில் எனக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்து, கடலைப் பொட்டலத்தைப் பிரித்து எங்கள் இருவருக்கும் பங்கு வைத்து, கடலைப் பார்த்தபடி ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தாள். எங்கள் பேச்சு மழை, வெயில், பஸ் நேரம் என்பதைத் தாண்டவில்லை. இப்போதும் நாங்கள் இருவரும் எங்கேயாவது கிளம்பினால், "ஒனக்க அக்கா வரல்லியா?" என்று அவர் கேலி செய்வார்.

இன்னொரு சமயம், எங்களோடு வேலை பார்த்த ஒருத்தியின் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்கப் போனபோது, தலைமையாசிரியரின் அறையிலேயே அக்கா உட்கார்ந்தபடி தூங்கிவிட்டாள். முந்தின நாள் இரவு ஷிப்ட். லேசாகக் குறட்டையும் வந்ததாம். தலைமையாசிரியையம்மாள் குரலைத் தாழ்த்தி, பையனுக்கு இடம் தருகிறேன், அவர்களை எழுப்பாதீர்கள் என்றாராம். கேட்டபோது அக்கா, தூங்கினாலும் அங்கேதானே இருந்தேன் என்று முறைத்தாள்.

கம்பெனிக்கு நல்ல காலமும் இருந்தது. சொல்லத்தான் வேண்டும். ஆர்டர் குவிந்த மாதங்களில் ஞாயிறும் கிடையாது, கிறிஸ்துமஸும் கிடையாது. பெரிய திரையில் எங்கோ இருக்கிற பெரிய தலை தோன்றி, நீங்கள்தான் இந்தக் குடும்பத்தின் முதுகெலும்பு என்பார். நாங்களும் ரொம்பப் பெருமையாய்க் கைதட்டுவோம். அப்புறம் ஆர்டர் குறைந்தது. முதலில் சாயங்கால வடை நின்றது. பிறகு கருங்கல் பஸ்ஸையும் தக்கலை பஸ்ஸையும் ஒன்றாக்கி, பாதிப்பேரை நிற்கவைத்துக் கொண்டுவந்தார்கள். கழிவறைச் சுவரில்கூட, சிக்கனமாக இருந்து உயர்வோம் என்று போஸ்டர் ஒட்டினார்கள். வடை நின்ற அன்றே எனக்கு விளங்கிவிட்டது. சொன்னதற்கு, வடைக்கு ஏங்குகிறவள் என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அந்தக் கட்டடத்தில் மீட்டிங் அறைகளுக்கு எங்கள் ஜில்லாவின் ஊர்ப் பெயர்களை வைத்திருந்தார்கள். ஆட்களைக் கூப்பிட்டு அனுப்புவதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த அறையின் பெயர் சிதறால். நிஜமான சிதறால் மலைமேல் ஏறி நின்றால் காற்று அள்ளிக்கொண்டு போகும். இந்தச் சிதறாலுக்கு ஜன்னலே கிடையாது. ஒரு மேசை. அந்தப்பக்கம் எச்.ஆர். சாரும், பெங்களூர் ஆபீசிலிருந்து இதற்கென்றே வந்த ஒரு அம்மாவும். இந்தப்பக்கம் ஒரே ஒரு நாற்காலி. எச்.ஆர். சார் தக்கலைக்காரர், முப்பது வயது இருக்கும். எங்களுக்கு வேலை உத்தரவு கொடுத்து, வாழ்த்துக்கள் என்று கையைக் குலுக்கியவரும் இவரேதான்.

முதலில் கூப்பிட்டது டெஸ்டிங் பிரிவில் ஒரு பெண்ணை. கைக்குழந்தைக்காரி. போன வேகத்தில் வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. என்ன சொன்னார்கள் என்று சுற்றி நின்று கேட்டோம். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் இங்கிலீஷில் என்னவோ பேசினார்கள், நான் தலையாட்டினேன், கையெழுத்துப் போட்டேன் என்று மட்டும் சொன்னாள். அவள் கையெழுத்துப் போட்டது, தன் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டுப் போகிறேன் என்கிற தாளில். சாயங்காலம் அவளுடைய அட்டை வாசலில் வேலை செய்யவில்லை. பையை வாட்ச்மேன்தான் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

அன்றைக்கு பஸ்ஸில் அக்கா தன்னைப் பற்றி ஒன்று சொன்னாள். அவள் தன்னைப் பற்றிப் பேசுகிறவளே இல்லை. சிறுவயதில் மெட்ராஸ் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஹாஸ்டலில் இருந்து வேலை பார்த்திருக்கிறாள். அடுத்த கட்டிலில் படுத்திருந்த பெண்ணை ஒருநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நானும் வரட்டா என்று இவள் கேட்டிருக்கிறாள். வேண்டாம், சும்மா கூப்பிடுகிறார்கள் என்று அவள் போனாள். திரும்பி வந்து, பேசாமல் பெட்டியைக் கட்டி, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டாள்.

"அந்த ரூமுக்குள்ள அவகிட்ட என்ன சொன்னாங்கண்ணு இண்ணு வரைக்கும் எனக்கு அறியாது, பிள்ளே," என்றாள் அக்கா. தோவாளை தாண்டும்போது, நாளைக்கு லேபர் ஆபீசுக்குப் போய்க் கேட்டுவிடலாம் என்றேன்.

அடுத்த நாள் நானும் அவளும் லீவு போட்டு நாகர்கோவிலில் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனோம். கேட்டது நான், உட்கார்ந்திருந்தது அவள். அங்கே இருந்த அதிகாரி பொறுமையாக விளக்கினார். வேலை இல்லை, அதனால் நிறுத்துகிறோம் என்று கம்பெனி தன் கையால் எழுதிக் கொடுத்தால், மறுபடி ஆள் எடுக்கும்போது அது முதலில் நம்மைத்தான் கூப்பிட வேண்டும். நாமே விட்டுப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்தால், அத்தோடு சரி. எல்லாம் அந்த ஒற்றைத் தாளில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே பணம், போடாவிட்டால் இழுத்தடிப்பு. முக்கால்வாசிப்பேர் பயந்தே போட்டுவிடுவார்கள் என்பது கம்பெனியின் கணக்கு.

மறுநாள் காலை, எங்கள் பிரிவில் ஒரு பெண்ணைச் சிதறாலுக்குக் கூப்பிட்டார்கள். அக்கா தன் மெஷினைப் பார்த்துக்கொள் என்று என்னிடம் காட்டிவிட்டு எழுந்தாள். உடை மாற்றி, பையை எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணோடு அறைக்குள் போனாள். உள்ளே நடந்ததை அந்தப் பெண் பிறகு எங்களிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். சொல்ல முடிந்தது. அதுதான் வித்தியாசம்.

இது தனிப்பட்ட சந்திப்பு, ஒருவரைத்தான் கூப்பிட்டோம் என்று எச்.ஆர். சார் சொல்லியிருக்கிறார். கம்பெனி விதி என்று இன்னும் ஏதோ சொல்லியிருக்கிறார். அக்கா கேட்டுக்கொண்டாள்.

"சாரே, ஒங்க பக்கம் ரெண்டு பேரு இருக்கிய. எங்க பக்கம் ஒண்ணுண்ணா எப்பிடி செரியாவும்?"

பெங்களூர் அம்மா, இவள் என்ன சொல்கிறாள் என்று சாரிடம் இங்கிலீஷில் கேட்டார். சார் அதை மொழிபெயர்க்கவில்லை. அக்கா வெளியே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தத் தாளைத் தமிழில் சத்தமாக ஒருமுறை வாசியுங்கள், இரண்டு பேர் காதிலும் விழ வேண்டும்.

அவர் வாசித்தார். என் சொந்த விருப்பத்தின் பேரில், எவருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு மனத்துடன். வாசித்து முடித்ததும் அக்கா தலையைத் திருப்பி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண், எனக்கு அப்படி விருப்பம் ஒன்றும் இல்லையே சார் என்றாள். போடவில்லை.

இப்படியே ஒவ்வொருவராக. பெயரைக் கூப்பிட்டதும் அக்கா எழுவாள். அவளுடைய மெஷினை நாங்கள் பங்குபோட்டுப் பார்த்துக்கொண்டோம், சூப்பர்வைசர் கத்திக்கொண்டே இருந்தார். அவர் பாவம், அவருக்கும் வேறு என்ன தெரியும். ஒவ்வொரு முறையும் எச்.ஆர். சார் அதே தாளை எடுத்து, அதே வரியைச் சத்தமாக வாசிக்க வேண்டியிருந்தது. முதல் நாள் கணீரென்று வாசித்தார். போகப் போகத் தண்ணீர் குடிக்காமல் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை என்று உள்ளே போய்வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அவர்மேல் இரக்கமே வரவில்லை. நன்றாக வாசிக்கட்டும் என்றுதான் இருந்தது.

என் முறையும் வந்தது. வாய்க்காரி என்று எனக்குப் பெயர். நான் நேற்றுவரை மேனேஜ்மெண்டைக் கிழித்த கிழி என்ன, அங்கே உட்கார்ந்து முழித்த முழி என்ன. பக்கத்தில் அக்காவின் மூச்சு கேட்டது. அந்த ஒரு சத்தம் இல்லாமல் இருந்திருந்தால் நான் பேனாவை எடுத்திருப்பேன், சத்தியம்.

எல்லாரும் மறுத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மயிலாடியில் கல் செதுக்குகிறவர் ஒருவரின் மனைவி எங்கள் பிரிவில் இருந்தாள். கல்தூசி அவர் நெஞ்சை அடைத்து, ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அவளுக்குப் பணம் அன்றைக்கே வேண்டும். அவளோடும் அக்கா போனாள். அவள் பேனாவைக் கேட்டபோது, நாங்களாக இருந்தால் தடுத்திருப்போம். அக்கா தடுக்கவில்லையாம். முகமும் மாறவில்லையாம். கையெழுத்துப் போடும்போது தாள் நகராமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாளாம். அன்று மத்தியானம் காண்டீனில் நான் கொதித்தேன். கூடப் போய் என்ன பிரயோஜனம், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று சண்டைக்கே போனேன். அக்கா சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போடாதே என்று சொல்ல நான் யார், அவள் வீட்டுக் கஷ்டத்தில் நானா போய் இருக்கப் போகிறேன் என்று கடைசியில் கேட்டாள். எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

இரண்டாவது வாரம் மேனேஜ்மெண்டுக்கு ஒரு பிரமாதமான யோசனை வந்தது. எவனுக்கு வந்ததோ. இந்த அக்கா பக்கத்தில் இருந்தால் யாரும் அழுவதில்லை, கூச்சலும் இல்லை, நிதானமாகப் பேசுகிறார்கள். அப்படியானால் அவளை நம் பக்கம் உட்காரவைத்தால் என்ன? எச்.ஆர். சார் அவளைக் கூப்பிட்டு, இனிமேல் ஆட்களுக்கு ஆறுதல் சொல்கிற பொறுப்பு உங்களுக்கு, அதற்கு ஒரு பதவிப் பெயரும் உண்டு என்றார். நிறுத்தப்படுகிறவர்களில் உங்கள் பெயர் வராது என்றும் சொன்னார். அக்காவின் மகள் அப்போது நர்சிங் இரண்டாம் வருஷம். வீட்டுக்காரருக்கு மார்த்தாண்டத்தில் லோடு வேன், ஓட்டம் உண்டானால் உண்டு. இவள் சம்பளம் இல்லாமல் அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

சரி என்றாள் அக்கா. அன்றைக்கு பஸ்ஸில் நான் அவள் பக்கத்தில் உட்காரவில்லை.

மறுநாள் காலை, சிதறாலில் அந்தப்பக்கம் மூன்றாவதாக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். சக்கரம் வைத்தது, பஞ்சு மெத்தை. மோல்டிங் பிரிவுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டார்கள். அக்கா உள்ளே போனாள், தனக்குப் போட்டிருந்த நாற்காலியைப் பிடித்தாள், மேசையைச் சுற்றி உருட்டிக்கொண்டு வந்து அந்தப் பையனுக்குப் பக்கத்தில் நிறுத்தி உட்கார்ந்தாள். பெங்களூர் அம்மா எழுந்தேவிட்டாராம். அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு, "இப்பம் வாசியுங்க சாரே," என்றாளாம். பையன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நாங்களும் சிரித்தோம். சிரித்தபோதே தெரியும், நிறுத்துகிற பட்டியலில் அவள் பெயரும் இனி வரும் என்று. வந்தது.

அன்றைக்கு பஸ்ஸில் நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம்விட்டாள். அவளுடைய முறை வந்தால் நான் கூடப் போகிறேன் என்றேன், மோல்டிங் பையன் நான்தான் போவேன் என்றான், அது ஒரு சண்டை. கடைசியில் அப்படி ஒரு முறை வரவே இல்லை. அவளைச் சிதறாலுக்குக் கூப்பிட யாருக்கும் தெம்பில்லை.

முடிவு என்ன ஆனது என்று கேட்டால், நாங்கள் ஜெயித்தோம். சுற்றிவளைக்காமல் சொல்கிறேன், ஜெயித்தோம். அத்தனைபேர் மறுத்த பிறகு வேறு வழியில்லாமல் கம்பெனியே தன் கைப்பட எழுதிக் கொடுத்தது, வேலை இல்லாததால் உங்களை நிறுத்துகிறோம் என்று. வேலை போனது போனதுதான். வீட்டில் அழுதோம், நகை பாங்குக்குப் போனது. நான் ஜவுளிக்கடையில் நின்றேன். ஆனால் மறு வருஷம் ஆர்டர் திரும்பி வந்தபோது, அவர்கள் எங்களைத்தான் கூப்பிட்டாக வேண்டியிருந்தது. நான் இன்றைக்கு அதே மெஷினில் இருக்கிறேன். சாயங்கால வடை மட்டும் இன்னும் வரவில்லை, அதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அக்காவையும் கூப்பிட்டார்கள். அதற்குள் அவள் ஓசூரில் வேறொரு கம்பெனியில் புதுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலையில் சேர்ந்துவிட்டாள், இதைவிட நல்ல சம்பளத்துக்கு. அங்கேயும் யாரோடாவது ஏதாவது ஓர் ஆபீசில் உட்கார்ந்திருப்பாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவளைப் பற்றி யார் கேட்டாலும் நாற்காலிக் கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்வது வேறு ஒரு நாள் நடந்ததை.

எங்கள் கையில் கம்பெனியின் உத்தரவு வந்துவிட்டது, மாசக் கடைசிவரை வேலை. கடைசி வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரம். அக்கா மரச்சீனியும் மத்திக் குழம்பும் கொண்டுவந்திருந்தாள். காண்டீனில் எல்லார் டப்பாவும் திறந்திருந்தது. எச்.ஆர். சார் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் சாப்பாட்டுத் தட்டு இல்லை. ஒரு கையில் லாப்டாப், மறு கையில் சுருட்டிய ஒரு தாள். நேராக எங்கள் மேசைக்கு வந்து நின்றார்.

தலைமை ஆபீசிலிருந்து வீடியோ கால் வருகிறது என்றார். சிதறாலில். லாப்டாப்பையும் அடையாள அட்டையையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அந்தக் கட்டடத்தில் தெரியாதவர்கள் யாரும் இல்லை. கையிலிருந்த தாளும் அதே தாள்தான், தனக்கு வேண்டியதைத் தானே பிரிண்ட் எடுத்துக்கொண்டு வரும்படி அவரிடமே சொல்லியிருக்கிறார்கள். அவர் அக்காவைப் பார்த்தார். ஏதோ கேட்க வந்து, கேட்க முடியாமல், "அக்கா" என்று மட்டும் சொன்னார்.

நல்லா வேணும் என்று எனக்கு வாய்வரை வந்தது. வந்தது என்ன, சொல்லியேவிட்டேன். மேசையில் இரண்டுபேர் ஆமாம் என்றார்கள். கைக்குழந்தைக்காரியின் முகம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அன்றைக்கு அவளை ஒற்றைக்கு உட்காரவைத்து இங்கிலீஷில் பேசியவர் இவர். அவர் தலை குனிந்து நின்றார்.

அக்கா டப்பாவை மூடினாள். பாதிதான் சாப்பிட்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்து, இவனுக்கா போகிறாய் என்று கேட்டேன்.

"ஏட்டி, அவனும் ஒத்தைக்குத்தானே போறான்," என்றாள். கை கழுவிவிட்டு வந்து, பையை எடுத்துக்கொண்டு, அவரோடு நடந்தாள்.

நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வயிற்றெரிச்சல் ஆறவில்லை. அவர்மேல் இரக்கம் வந்தது என்று இப்போது பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்கு ஒரு துளியும் வரவில்லை. ஆனால் காண்டீன் கதவு சாத்திக்கொள்கிறபோது அக்காவின் முதுகு தெரிந்தது. எத்தனைபேரோடு அந்த அறைக்குள் போயிருக்கிறாள், அவளுக்கென்று யாரும் போனதில்லை. பாதிச் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். அவருக்காக இல்லை, அவளுக்காக.

நான் உள்ளே போனபோது அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு நாற்காலி இல்லை, அக்காவின் பின்னால் நின்றுகொண்டேன். திரையில் நான்கைந்து முகங்கள், ஒன்றையும் எங்களுக்குத் தெரியாது. அதில் ஒருவர் பேச ஆரம்பித்து, எங்களைப் பார்த்ததும் நிறுத்தினார். இது தனிப்பட்ட சந்திப்பு, அங்கே இருக்கிற இவர்கள் யார் என்று இங்கிலீஷில் கேட்டார். எனக்கே புரிகிற இங்கிலீஷ்தான்.

எச்.ஆர். சார் கையிலிருந்த தாளை மேசையில் வைத்து நீவினார். பிறகு அதைக் குப்புறத் திருப்பி வைத்தார். எங்களிடம் எப்போதும் டிவியில் செய்தி வாசிக்கிற மாதிரியே பேசிய மனிதர். திரையை நிமிர்ந்து பார்த்து, தன்னுடைய தக்கலைத் தமிழில் சொன்னார்.

"இவிய எனக்க கூட வந்தவிய."

திரையில் இருந்த ஒருவருக்கும் அது புரியவில்லை. வாட், வாட் என்று கேட்டார்கள். அவர் அதை மாற்றிச் சொல்லவில்லை.